பிளஸ் டூ இயற்பியலில் யார் தவறுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க வழி உண்டா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மார்ச் பொதுத்தேர்வில் யார் தடுமாறுவார்கள் என்று ஜனவரியிலேயே தெரிந்தால், அவர்களை மட்டும் மாலை வகுப்பில் உட்கார வைக்கலாம். எல்லோரையும் நிறுத்த முடியாது. எஸ்டேட் லைன் பிள்ளைகள் கடைசி பஸ்ஸை விட்டால் இருட்டில் காட்டெருமை நடமாடும் வழியில்தான் நடக்க வேண்டும்.

காலாண்டு, அரையாண்டு சராசரியைப் பார்த்தேன். வினாத்தாளின் கடினம் மாற மாற அதுவும் ஆடுகிறது. 2021-இல் தேர்வு ரத்தானபோது அரசு போட்ட 50:20:30 கணக்கையும் (பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ) வைத்துப் பார்த்தேன். அதில் எல்லோரும் பாஸ்! அப்புறம் பழைய இரண்டு பேட்ச் மதிப்பெண்களை எக்செல்லில் போட்டு நேர்கோடு பொருத்தினேன். நடுத்தரப் பிள்ளைகளுக்குச் சரியாகவே வருகிறது.

விளிம்பில்தான் சிக்கல். செய்முறை 20, அகமதிப்பீடு 10 அநேகமாக முழுசாகக் கிடைத்துவிடும். தியரியில் 70-க்கு 15 எடுத்தாக வேண்டும். போன வருடம் ஒரு பையனுக்கு எக்செல் 46 காட்டியது, வந்தது 44. கணிப்பு பிரமாதம், ஆனால் தியரியில் 14, பையன் ஃபெயில்.

வகுப்புக்கு முப்பது சொச்சம் பேர், கையில் இருப்பது இரண்டு பேட்ச் தரவு. மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தியரியில் 15-ஐத் தாண்டுவார்களா என்பதை மட்டும் கணிக்க எந்த முறை ஒத்துவரும்?