அப்டேட்டுக்குப் பிறகு 5.1 ஸ்டீரியோவாகிவிட்டது: பின் ஸ்பீக்கர், சென்டர், சப்ஊஃபர் எதிலும் சத்தம் இல்லை

மேசைக்கணினி:

வணக்கம். விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு. மதர்போர்டின் பின்பக்கம் ஆடியோ துளைகள் மூன்றுதான்: நீலம், பச்சை, பிங்க். அதில் வயர் வைத்த 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர்) ஒன்று மாட்டியிருக்கிறேன். செட்டிலிருந்து வரும் பின்கள் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு. மூன்றும் 3.5 மி.மீ.

மாதாந்திர அப்டேட் ஏறி ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து முன்பக்க இரண்டு ஸ்பீக்கர் மட்டும்தான் ஒலிக்கின்றன. சவுண்ட் பேனலில் ஸ்பீக்கர்ஸைத் தேர்ந்து 'கான்ஃபிகர்' அழுத்தினால் பட்டியலில் 'ஸ்டீரியோ' தவிர வேறெதுவும் இல்லை. முன்பு 5.1 இருந்தது. டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக் (போர்டின் ஒலி சிப்) என்ற பெயரே காணோம், 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று இருக்கிறது. ரியல்டெக் ஆடியோ கன்சோலைத் திறந்தால் ஆர்பிசி சர்வீஸுடன் இணைய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

செய்து பார்த்தவை: பின்களைக் கழற்றி மாட்டினேன். டிரபிள்ஷூட்டர் ஓட்டினேன். 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. ஸ்பீக்கர் செட்டில் பழுது இல்லை. கறுப்புப் பின்னைப் பச்சைத் துளையில் செருகினால் பின் ஸ்பீக்கர் இரண்டும் நன்றாகப் பாடுகின்றன. என்ன செய்யலாம்?

செம்புக்கம்பி:

கறுப்புப் பின்னைப் பச்சையில் போட்டுப் பார்த்தது நல்ல சோதனை. ஆம்ப், வயர், ஸ்பீக்கர் மூன்றும் சரி என்று அதிலேயே தெரிந்துவிட்டது. மிச்சமிருப்பது டிரைவர் மட்டும்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று துளை போர்டில் 5.1-க்கென்று தனித் துளைகள் கிடையாது. நீலம் லைன்-இன், பிங்க் மைக். பிறவியிலேயே இரண்டும் ஒலியை உள்ளே வாங்குகிற துளைகள். ரியல்டெக் சிப்பால் அவற்றின் திசையைத் திருப்ப முடியும். நீலத்தைப் பின் ஸ்பீக்கருக்கும் பிங்க்கை சென்டர்-சப்ஊஃபருக்கும் வெளியீடாக மாற்றும். ஆனால் அந்தத் திருப்பலைச் செய்வது ரியல்டெக்கின் சொந்த டிரைவர். விண்டோஸோடு வரும் பொது டிரைவர், பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) எழுதி வைத்திருக்கும் துளைப் பட்டியலை அப்படியே நம்பும். அந்தப் பட்டியலில் உங்கள் போர்டுக்கு வெளியீடு என்று பின்பக்கம் இருப்பது பச்சை ஒன்றுதான். அதனால்தான் 'கான்ஃபிகர்' பட்டியலில் ஸ்டீரியோ மட்டும் தெரிகிறது. ஐந்தாறு துளை உள்ள போர்டாக இருந்தால் இதே பொது டிரைவரிலும் 5.1 வந்திருக்கலாம், ஏனென்றால் அங்கே கறுப்பும் ஆரஞ்சும் பயாஸிலேயே வெளியீடாகப் பதிவாகியிருக்கும்.

ஆக, ரியல்டெக் டிரைவரைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். இரண்டு நிமிட வழியை முதலில் பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' பகுதியை விரித்து, அந்த 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' மேல் வலது கிளிக், 'அப்டேட் டிரைவர்'. தானாகத் தேடும் முதல் வாய்ப்பைத் தொடாதீர்கள். இரண்டாவதான 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அதற்குள் அடியில் 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் வரி. பழைய டிரைவர் கணினியின் டிரைவர் கிடங்கில் இன்னும் இருந்தால் இங்கே 'ரியல்டெக் ஆடியோ' என்று ஒரு வரி தெரியும். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட், பிறகு ரீஸ்டார்ட். ரோல் பேக் மங்கியிருந்தாலும் இந்த வழி பல நேரம் வேலை செய்யும்.

அங்கே ரியல்டெக் வரி இல்லையென்றால் முழு நிறுவல்தான். இதில் வரிசை முக்கியம்.

1. போர்டின் சரியான மாடலைக் குறித்துக்கொள்ளுங்கள். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' வரியில் இருக்கும். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு என்று கொடுத்திருக்கும் ஆடியோ பொதியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.
2. நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அணையுங்கள். இதை விட்டுவிட்டால் நீங்கள் ரீஸ்டார்ட் செய்யும் இடைவெளியில் விண்டோஸ் தானே ஒரு டிரைவரை ஏற்றிவிடும்.
3. டிவைஸ் மேனேஜரில் ஆடியோ கருவியை 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' செய்யுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று டிக் பெட்டி வந்தால் டிக் போடுங்கள். பொது டிரைவர் ஓடும்போது அந்தப் பெட்டி வராது, அது பரவாயில்லை.
4. ரீஸ்டார்ட். பொதியின் செட்அப்பை ஓட்டுங்கள். மறுபடி ரீஸ்டார்ட். அதன் பிறகே நெட்வொர்க்.

டிரைவர் வந்ததும் துளைகள். கறுப்புப் பின் நீலத்தில், ஆரஞ்சுப் பின் பிங்க்கில், பச்சை பச்சையில். நிறம் பொருந்தவில்லையே என்று தயங்க வேண்டாம், மூன்று துளை போர்டில் இதுதான் முறை. பிங்க்கில் பின் ஏறும்போது 'என்ன கருவி மாட்டினீர்கள்' என்று ஒரு பெட்டி எழும். அதில் மைக் என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். 'சென்டர்/சப்ஊஃபர்' என்று மாற்றுங்கள். நீலத்துக்கு 'ரியர் ஸ்பீக்கர்'. பெட்டி எழாவிட்டால் கன்சோலில் 'டிவைஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' போய்த் துளையின் வேலையைக் கையால் மாற்றலாம். மைக்கை இனி கேபினெட்டின் முன்துளையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்', ஸ்பீக்கர்ஸ், 'கான்ஃபிகர்'. 5.1 சரவுண்ட் தேர்ந்து, படத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தொட்டு அந்தந்தப் பெட்டியில் ஒலி வருகிறதா என்று காதால் உறுதிசெய்யுங்கள். 5.1 இரண்டு முறை தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஒன்றில் இணை ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில், மற்றதில் பின்னால். பின் ஸ்பீக்கரில் ஒலி வருகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கூடம்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. அந்த ஆர்பிசி பிழையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் டிரைவர் ஏறிய பிறகும் அது விடாமல் நிற்பதுண்டு.

இப்போதைய ரியல்டெக் டிரைவர் ஒற்றைப் பொருள் அன்று. அடிப்படை டிரைவர், போர்டு நிறுவனத்துக்கான எக்ஸ்டென்ஷன், சாஃப்ட்வேர் கம்போனென்ட்டுகள், ஸ்டோரிலிருந்து வரும் கன்சோல் ஆப் என்று நாலு துண்டு. கன்சோல் பேசுவது 'ரியல்டெக் ஆடியோ யுனிவர்சல் சர்வீஸ்' என்ற சேவையோடு. அப்டேட் ஒரு துண்டை மட்டும் மாற்றிவிட்டால் சேவை கிளம்பாது, அல்லது கன்சோலுக்கு அதன் பேச்சு புரியாது. அப்போது அந்தப் பிழைதான் வரும்.

முதலில் 'சர்வீசஸ்' திறந்து அந்தச் சேவை ஓடுகிறதா, தொடக்க முறை 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஓடவில்லையென்றால் ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். சேவையே பட்டியலில் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் 'சாஃப்ட்வேர் கம்போனென்ட்ஸ்' பகுதியில் ரியல்டெக் பெயரோடு இருக்கும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, செம்புக்கம்பி சொன்ன 4 படிகளையும் செய்யுங்கள். கன்சோல் ஆப்பையும் நீக்குங்கள். டிரைவர் நிலைத்து, நெட் வந்த பிறகு ஸ்டோரிலிருந்து புதிதாக வாங்குங்கள். பழைய 'எச்டி ஆடியோ மேனேஜர்' காலத்துப் பொதியை இதன் மேல் போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கட்டமைப்பு, கலந்தால் இரண்டும் கெடும்.

இன்னொன்று: சோதிக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி ஆன் செய்வதை நம்பாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் கெர்னலையும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களையும் வட்டில் உறைய வைத்து அப்படியே எழுப்புகிறது. 'ரீஸ்டார்ட்'தான் சுத்தமான தொடக்கம்.

அடுத்த மாதம் இதே கதை வராமல் இருக்க: 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஹார்டுவேர்' தாவல், 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' போய் 'நோ'. ப்ரோ பதிப்பென்றால் குரூப் பாலிசியில் 'டு நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்' என்பதை இயக்குவது இன்னும் உறுதி. ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் இருக்காது. இதை இயக்கினால் கிராபிக்ஸ், நெட்வொர்க் டிரைவர்களும் அந்த வழியாக வராது. அவற்றை நீங்களே அவ்வப்போது பார்த்துப் போட வேண்டும்.

மேசைக்கணினி:

இரண்டு பேருக்கும் நன்றி. 'லெட் மீ பிக்' பட்டியலில் ரியல்டெக் இல்லை, அதனால் முழு நிறுவல் செய்தேன். 5.1 வந்துவிட்டது, கன்சோலும் திறக்கிறது. மூன்று சந்தேகம் மிச்சம்.

சென்டரைத் தொட்டால் பாஸ் பெட்டியில் ஒலி வருகிறது, சப்ஊஃபரைத் தொட்டால் சென்டரில் ஒரு முணுமுணுப்பு. யூடியூபில் பாட்டு போட்டால் முன் ஸ்பீக்கர் மட்டும்தான். 5.1 உள்ள படக் கோப்பு ஒன்று விஎல்சியில் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, மற்ற கோப்புகள் ஒலிக்கின்றன.

செம்புக்கம்பி:

மூன்றுக்கும் வேறு வேறு காரணம்.

சென்டர்-பாஸ் இடமாற்றம்: ஆரஞ்சுப் பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தால் உலோகத்தில் இரண்டு கறுப்பு வளையம் தெரியும், அவை அதை மூன்று பகுதியாகப் பிரிக்கின்றன. நுனி ஒரு சேனல், நடு வளையம் இன்னொன்று, அடிப்பகுதி எர்த். சென்டர் நுனியிலா நடுவிலா என்பதில் ஸ்பீக்கர் செட்டுகள் எல்லாம் ஒத்துப்போவதில்லை. கன்சோலில் ஸ்பீக்கர் பகுதியில் 'ஸ்வாப் சென்டர்/சப்ஊஃபர்' என்று இருந்தால் டிக் போடுங்கள். அது இல்லாமல், செட்டின் பின்னால் வெள்ளை-சிவப்பு ஆர்சிஏ துளைகள் இருந்தால் அந்த ஜோடியின் இரண்டு பின்னையும் இடம் மாற்றிச் செருகினால் போதும். நாமே அசெம்பிள் செய்யச் சொல்லி வாங்கும் ஆம்ப்களில் பெரும்பாலும் ஆறு ஆர்சிஏ துளை இருக்கும், அங்கே இதுவே எளிது.

யூடியூப்: அது பழுதே இல்லை. உலாவியில் வரும் பாட்டு இரண்டு சேனல் ஒலி, முன் ஸ்பீக்கரில் மட்டும் வருவதுதான் அதற்குச் சரியான நடத்தை. எல்லாப் பெட்டியிலும் வேண்டுமென்றால் 'ஸ்பீக்கர் ஃபில்' இயக்குங்கள். பாட்டுக்கு அது நன்றாக இருக்கும். படம் பார்க்கவும் கேம் ஆடவும் அணைத்து வையுங்கள் என்பேன். அந்த ஸ்டீரியோ ஒலியில் இல்லாத திசையை அது இட்டுக்கட்டுகிறது, காதுக்கு இடம் குழம்பும்.

விஎல்சி: ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, 'எச்டிஎம்ஐ/எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூ' என்பதை 'டிசேபிள்டு' ஆக்குங்கள். அது இயக்கத்தில் இருந்தால் டால்பி ஒலியைப் பிரிக்காமல் பொட்டலமாகவே அனுப்பிவிடும். அதைப் பிரிக்க வெளியே ரிசீவர் வேண்டும். அனலாக் பின்களில் எதுவும் வராது. உங்கள் மற்ற கோப்புகள் ஒலிப்பதற்குக் காரணம் அவை டால்பி அல்லாதவை என்பதாக இருக்கும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 24எச்2-வைப் புதிதாக நிறுவிய கணினிகளில் டால்பி டிஜிட்டல் ஏசி3 டிகோடர் விண்டோஸோடு வருவதில்லை. அதனால் விண்டோஸின் மீடியா பிளேயரில் அப்படிப்பட்ட கோப்பு ஊமையாக ஓடலாம். விஎல்சி தன் சொந்த டிகோடரை வைத்திருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை.

கண்ணாடிநூல்:

தேடி இந்தப் பக்கம் வருபவர்களில் ஆப்டிகல், எச்டிஎம்ஐ வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். உங்களுக்கு மேலே சொன்ன துளைக் கணக்கு பொருந்தாது.

ஆப்டிகல் வயர் சுருக்காத ஒலியில் இரண்டு சேனல்தான் தாங்கும். 48,000 மாதிரி, 16 பிட், 2 சேனல் என்றால் நொடிக்கு 15,36,000 பிட். ஆறு சேனலுக்கு 46,08,000. அதைச் சுமக்கும்படி அந்த இணைப்பு வகுக்கப்படவில்லை. ஆகவே 5.1 போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கித்தான் போகும். படக் கோப்பில் அது ஏற்கெனவே சுருக்கி இருக்கிறது, பாஸ்த்ரூ போதும் (செம்புக்கம்பி அணைக்கச் சொன்னதை நீங்கள் இயக்க வேண்டும்). கேமுக்கு 'டால்பி டிஜிட்டல் லைவ்' அல்லது 'டிடிஎஸ் இன்டராக்டிவ்' வேண்டும். அது உரிமம் பெற்ற டிரைவரோடு வருவது. அப்டேட் பொது டிரைவரைப் போட்டால் 'அட்வான்ஸ்டு' தாவலின் ஃபார்மேட் பட்டியலிலிருந்து அந்த வரி மறைந்துவிடும். போர்டு தளத்தின் டிரைவரே மருந்து.

எச்டிஎம்ஐ-யில் குற்றவாளி பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட். அது ஆடியோ கருவியைப் புதிதாக உருவாக்கும், அமைப்பு ஸ்டீரியோவுக்குத் திரும்பும். ரிசீவரை முதலில் ஆன் செய்துவிட்டு, பிறகு கணினியை ஆன் செய்து 'கான்ஃபிகர்' பாருங்கள். எத்தனை சேனல் தாங்கும் என்று மறுமுனைதான் கணினிக்குச் சொல்கிறது. கணினி டிவியிலும், டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ வயரிலேயே டிவி ஒலியை வெளியே அனுப்பும் வசதி) வழியாக சவுண்ட்பாரிலும் போனால் பதில் சொல்வது டிவி. பல டிவிகள் 'இரண்டு' என்றே சொல்லும். கணினியை நேராக ரிசீவரில் மாட்டினால் 5.1, 7.1 பட்டியலில் வந்துவிடும்.

முனையம்:

லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி. கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு மூன்று துளை போர்டில் 5.1 போனால் டெர்மினலில் ஆல்சாமிக்சர் திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்து, 'சேனல் மோட்' என்ற கட்டம் '2சிஎச்' என்று மாறியிருக்கிறதா பாருங்கள். '6சிஎச்' ஆக்கினால் நீலமும் பிங்க்கும் வெளியீடாகும். சரவுண்ட், சென்டர், எல்எஃப்இ (சப்ஊஃபர்) கட்டங்கள் 'எம்எம்' என்று காட்டினால் எம் விசையால் மியூட்டை எடுங்கள். பிறகு சவுண்ட் செட்டிங்ஸில் ப்ரொஃபைலை 'அனலாக் சரவுண்ட் 5.1' என்று வையுங்கள்.

மேசைக்கணினி:

ஸ்வாப் டிக் போட்டதும் சென்டரில் வசனம் தெளிவாக வருகிறது. பாஸ்த்ரூ அணைத்த பிறகு அந்தப் படக் கோப்பும் ஒலிக்கிறது. இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், 5.1 அப்படியே நிற்கிறது. ஹோம் பதிப்பு என்பதால் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்'-இல் 'நோ' வைத்திருக்கிறேன். டிரைவர் பொதியை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்துவிட்டேன்.

நடுக்கூடம்:

நல்லது. ஹோம் பதிப்பில் 'நோ' இருந்தும் பெரிய பதிப்பு மாற்றம் வரும்போது டிரைவர் மாறிவிடலாம். அப்போது ஸ்பீக்கரைத் தொடும் முன் டிவைஸ் மேனேஜரில் பெயரைப் பாருங்கள். 'ரியல்டெக்' இல்லையென்றால் அந்த ஃபோல்டரைத் திறந்து இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.