அண்ணனுக்கு ருசி எப்போது திரும்பும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, நான் அம்பாசமுத்திரம் பக்கம். அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எம்.எல். என்கிற வகை. வேலூரில் ஸ்டெம் செல் (ரத்தத்தை உண்டாக்குகிற மூல செல்) மாற்று சிகிச்சை முடிந்து 110 நாள், ஊருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஸ்டெம் செல் கொடுத்தது தங்கச்சி நான்தான். (சில நாள் ஊசி, அப்புறம் சில மணி நேரம் படுத்திருந்தேன், அவ்வளவுதான். பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.)

ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் மனுஷன் நன்றாக இல்லை. சொதி வைத்தால் மூன்று தடவை சோறு கேட்கிறவர், இப்போது எதைத் தின்றாலும் தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். வாய்ப்புண் ஆறிவிட்டது, எச்சில்தான் ஊறவில்லை. குளித்துவிட்டு வந்தாலே களைத்துப் படுத்துவிடுகிறார். தாமிரபரணியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது விழுந்த முகம் இன்னும் நிமிரவில்லை.

இதில் சொந்தக்காரர்கள் வேறு. இருமிக்கொண்டே வந்து கையைப் பிடித்து அழுகிறார்கள், வாசலில் நில்லுங்கள் என்றால் எனக்குத் திமிராம். எதிர்ப்பு சக்தியை அடக்க மாத்திரை ஓடுகிறது, பிள்ளையில் போட்ட தடுப்பூசிகளைக்கூட மறுபடி போட வேண்டும் என்றால் யாருக்கும் ஏறவில்லை.

உங்கள் வீட்டில் ருசி எத்தனை மாதத்தில் வந்தது? அதுவரை என்ன சமைத்துக் கொடுத்தீர்கள்? பாளையங்கோட்டை, திருநெல்வேலியில் புற்றுநோயாளிகளிடம் பேசிப் பழகிய மனநல ஆலோசகர் யாராவது இருக்கிறார்களா? ராத்திரி தூக்கமில்லாமல் “நான் உங்களுக்குப் பாரம்தானே” என்று கேட்கிறார், என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நாட்டு மருந்து மட்டும் சொல்லாதீர்கள், டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றிருக்கிறார்.