20 வாரக் கர்ப்பம், மார்பகப் புற்றுநோய்: கலைத்துத்தான் ஆக வேண்டுமா?

காவிரிக்கரை:

எனக்கு வயது 31. மூத்தவனுக்கு நான்கு வயது. இரண்டாவது குழந்தைக்கு இன்றோடு 20 வாரம். தை பிறந்த சமயத்தில் இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. "பால் கட்டியிருக்கும்" என்றார் மாமியார். டாக்டரும் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்தால் கரைந்துவிடும் என்று அனுப்பிவிட்டார். பங்குனிக்குள் அது பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தஞ்சாவூரில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. புற்றுநோய்.

"கலைத்துவிடு, முதலில் நீ பிழைத்து வா" என்கிறார்கள் வீட்டில் எல்லோரும். கணவர் எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு குழந்தை முதன்முறையாக நன்றாக அசைந்தது. அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கலைத்தால்தான் பிழைப்பேனா? கீமோ மருந்து குழந்தையை என்ன செய்யும்? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வைகைப்பெண்:

அன்புத் தங்கைக்கு, எனக்கு 16ஆவது வாரத்தில் தெரியவந்தது. அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து 'ஔ' எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறாள்.

கரு இருப்பதால்தான் நோய் வளர்கிறது என்று என் அப்பா உறுதியாக நம்பினார். புற்றுநோய் டாக்டர் அவரை எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: கலைப்பதால் தாய் பிழைக்கும் வாய்ப்பு கூடுவதில்லை, சிகிச்சை தள்ளிப்போவதுதான் ஆபத்து. முதல் மூன்று மாதத்துக்குள் தெரியவந்தால் கீமோ தர முடியாது என்பதால் அந்த முடிவு கடினமானது. நீ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாய்.

17ஆவது வாரத்தில் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும். மயக்க மருந்து தெளிந்ததும் நான் கேட்ட முதல் வார்த்தை, "இதயத் துடிப்பு இருக்கிறதா?" செவிலியர் கருவியை வயிற்றில் வைத்துக் கேட்க வைத்தார். 20ஆவது வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை கீமோ. டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு மருந்துகள். முதல் மருந்து சிவப்பாக இருக்கும், பார்த்துப் பயப்படாதே. ஒவ்வொரு முறையும் குழந்தையின் எடையை ஸ்கேனில் பார்த்த பிறகுதான் ஏற்றினார்கள்.

வளைகாப்பு அன்று என் தலையில் முடி இல்லை. அறுவை செய்த பக்கத்துக் கையில் இறுக்கமாக எதுவும் போடக் கூடாது என்பதால் வலது கையில் மட்டும் வளையல் அடுக்கினார்கள். அந்த வளையல்களை இன்னும் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று நான் அடம்பிடித்தபோது, நடத்தியே தீருவேன் என்று நின்றவர் அதே அப்பாதான்.

37ஆவது வாரத்தில் பிறந்தாள், 2.4 கிலோ. மீதிக் கீமோவும் கதிர்வீச்சும் பிறகுதான். நோய்க்கு ஹார்மோன் தொடர்பு இருந்ததால் டமாக்சிஃபென் மாத்திரையும் தந்தார்கள். அதுவும் குழந்தை வயிற்றில் இருக்கும்போது கூடாது. கீமோ தொடர்ந்ததால் தாய்ப்பால் கொடுக்க முடியவில்லை. முதல் சில நாட்கள் தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிக் கொடுத்தோம். எல்லாவற்றிலும் என்னை அதிகம் அழவைத்தது அதுதான். மனத்தை இப்போதே தயார் செய்துகொள்.

உன் கணவரைத் திண்ணையிலிருந்து எழுப்பி, டாக்டரிடம் கூட்டிப் போ. அவர் காதால் கேட்கட்டும்.

வார்டு செவிலியர்:

கீமோ வார்டில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சகோதரி, புற்றுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேசித் திட்டம் போடுகிற மருத்துவமனையாகப் பாருங்கள். ஹெர்2 (புற்றுநோய்ச் செல்லை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம்) பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். அது பாசிட்டிவ் என்றால் தரும் டிராஸ்டுசுமாப் ஊசி, பனிக்குட நீரைக் குறைத்துவிடும். பிரசவத்துக்குப் பிறகுதான் போட வேண்டும். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே கீமோவை நிறுத்துவார்கள், இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வலி வந்துவிடக் கூடாது என்பதற்காக. நடுவில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். இரவானாலும் கிளம்பி வாருங்கள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். கர்ப்பத்தில் புற்றுநோய் கண்ட தாய்மார்களின் 129 குழந்தைகளை மற்றக் குழந்தைகளுடன் ஒப்பிட்டு, பெல்ஜியத்தின் பிரெடெரிக் அமான்ட் குழு 2015இல் ஆய்வு வெளியிட்டது. பெரும்பாலானோர் கீமோ பட்டவர்கள். அறிவு வளர்ச்சியிலோ இதயத்திலோ கீமோவால் குறை தெரியவில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்கள்தான் சற்றுப் பின்தங்கினார்கள். அதனால் சீக்கிரம் பிரசவம் பார்த்துவிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால், காரணம் கேளுங்கள்.

தென்றல்:

என் மனைவிக்கும் பால் கட்டி என்றுதான் சொன்னார்கள். ஐந்து மாதம் நம்பினோம். தெரியவந்தபோது கல்லீரல் வரை போயிருந்தது. மகனுக்கு இப்போது ஒன்பது வயது. நானும் என் அம்மாவும் வளர்க்கிறோம். உங்களுக்குப் பயமூட்ட இதை எழுதவில்லை, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இதைப் படிக்கும் மற்றக் கர்ப்பிணிகளுக்காக எழுதுகிறேன். இரண்டு வாரம் தாண்டியும் கட்டி அப்படியே இருந்தால் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். அதில் கதிர் கிடையாது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. வைகைப்பெண் அக்கா எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்தேன். வளையல் இடம் வந்ததும் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். வியாழக்கிழமை இரண்டு டாக்டர்களையும் ஒரே நாளில் பார்க்கிறோம். கணவரே போன் செய்து நேரம் வாங்கினார். தென்றல் அண்ணா, உங்கள் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அக்கா, ஒன்று கேட்க விட்டுவிட்டது. கீமோ அன்று காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போவீர்கள்? மாமியார் கேட்கச் சொன்னார்.