அரேஞ்ச்மென்ட்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பாட்டு டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசரம்.

மேற்கத்திய முறையில் குரல் பயிலும் பிள்ளைகளுக்காக, பரோக் கால (சுமார் 1600–1750) ஆப்பெரா ஆரியாக்களைப் பற்றிய சின்னக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆப்பெரா (இசைநாடகம்), ஆரியா (அதில் ஒருவர் தனித்துப் பாடும் பாட்டு) இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். அதில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம், கும்பிடுகிறேன். ஷீட் மியூசிக்குக்கு ‘இசைத்தாள்’ போட்டாயிற்று.

சிக்கல் இங்கேதான். இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘லாஷா கியோ பியாங்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1711இல் லண்டனில் அரங்கேறிய ‘ரினால்டோ’ ஆப்பெராவில் சிறைப்பட்ட அல்மிரேனா பாடுவது. “என் கொடிய விதியை நினைத்து அழ விடு” என்று தொடங்கும். இந்த ஒரு பாட்டுக்குப் பிள்ளைகள் கையில் மூன்று விதத் தாள் வருகிறது. எல்லா வாத்தியத்துக்கும் தனித்தனி வரி போட்ட முழுத்தாள் ஒன்று. வாத்தியங்களையெல்லாம் பியானோவின் இரண்டு வரிக்குள் அடைத்து, மேலே பாட்டு வரியை வைத்தது இன்னொன்று. புல்லாங்குழலுக்கோ கிட்டாருக்கோ நான்கு குரலுக்கோ யாராவது மாற்றி எழுதியது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் அரேஞ்ச்மென்ட். ‘தழுவல்’ என்று எழுதியிருந்தேன். பிழை பார்த்த தோழி ஓரத்தில் “யாரை?” என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

ஆரியாவின் முதல் பகுதியைத் திரும்பப் பாடச் சொல்லும் ‘டா கபோ’வுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

நோட்டுக்காரன் எழுதியது:

அக்கா, வணக்கம். இருபது வருடமாக ரெக்கார்டிங்கில் வயலின் வாசிக்கிறேன். அங்கே எல்லோருக்கும் அது அரேஞ்ச்மென்ட்தான், எழுதுகிறவர் அரேஞ்சர்தான், தாளுக்குப் பெயர் நோட்ஸ். “நோட்ஸ் வந்துடுச்சா?” என்று கேட்போமே தவிர, “இசைத்தாள் வந்ததா?” என்று கேட்டால் அன்றைக்கு முழுக்கக் கிண்டல்தான்.

‘இசைக்கோர்ப்பு’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஆனால் அதை மெட்டுப் போடுவதற்கும் சொல்கிறார்கள், பின்னணி இசைக்கும் சொல்கிறார்கள், ஒலிப்பதிவுக்கும் சொல்கிறார்கள். ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிற சொல்லுக்கு நான்காவது வேலை வேண்டாம். அரேஞ்ச்மென்ட் என்றே போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பழைய ஏடு எழுதியது:

> அரேஞ்ச்மென்ட் என்றே போட்டுவிட்டு

தம்பி, அப்படியே போட்டுக்கொண்டே போனால் கடைசியில் தமிழில் ‘உம்’மும் ‘ஐ’யும்தான் மிஞ்சும்.

அம்மா, நீங்கள் கேட்டதற்குத் தொல்காப்பியர் எப்போதோ வழி செய்து வைத்திருக்கிறார். மரபியலில் முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறார். வழிநூல் நான்கு வகை: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட (நெறிப்பட) யாத்தல். ஹேண்டல் எழுதியது முதல்நூல். பல வாத்தியங்களைப் பியானோவுக்குள் அடக்குவது தொகுத்தல். ஒற்றைக் குரலை நான்கு குரலாக்குவது விரித்தல். குரலுக்கு எழுதியதைப் புல்லாங்குழலுக்குக் கொண்டுபோவது, வாத்தியத்தின் மொழியில் பெயர்த்து யாத்தல். ஆக, அரேஞ்ச்மென்ட் என்பது ‘வழியிசை’.

‘வழிப்பாடல்’ என்றும் சொல்லலாம். ஆனால் அச்சில் ஒற்று விழுந்தால் கோயிலுக்குப் போய்விடும்.

நோட்டுக்காரன் எழுதியது:

ஐயா, வழியிசை என்றால் பஸ்ஸில் போடுகிற பாட்டு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். மதுரை வண்டியில் ஏறினால் விடிய விடிய வழியிசைதான்.

கரையோரம் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ‘ஒழுங்கமைப்பு’ என்று எழுதியிருந்த தாள் ஒன்றைச் சின்ன வயதில் கண்ட நினைவு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, இசையோடு ஒட்டவில்லை. கூட்டத்துக்குக் கதிரை அடுக்கினதுபோலத் தெரியும். ‘மாற்றமைப்பு’ என்றால் என்ன? மாற்றி அமைத்தது. விளக்கமே தேவையில்லை.

எனக்கு வேறொரு குழப்பம். ஹேண்டலே இந்த மெட்டை முன்பு இரண்டு தடவை பாவித்திருக்கிறாரே? 1705இல் ஹாம்பர்க்கில் ‘அல்மீரா’வில் சரபாண்டு நடனமாக வாத்தியங்களுக்கு மட்டும். 1707இல் ரோமில் ‘லாஷா லா ஸ்பீனா’ என்று வேறு வரிகளோடு. அதில் “முள்ளை விடு, ரோஜாவைப் பறி” என்று வரும். 1711இல்தான் அழுகை. அப்படியென்றால் எது ஐயா முதல்நூல்?

பழைய ஏடு எழுதியது:

நல்ல கேள்வி. தன் மெட்டுக்குத் தானே வேறு சொல் கட்டுவது நமக்குப் புதிதல்ல, வர்ணமெட்டு என்பார்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் கட்டினாரே, நோட்டுஸ்வரங்கள், அந்த வகை. அவர் பிறர் மெட்டை எடுத்தார், ஹேண்டல் தன்னுடையதை எடுத்தார். ஆகவே 1707, 1711 இரண்டும் வர்ணமெட்டு, வழியிசை ஆகா.

இங்கே ‘வர்ணம்’ என்பதற்கு நிறம் என்று பொருள் கொள்ளக் கூடாது. வண்ணம் என்பது சந்தம். தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணம்...

(அதற்குப் பிறகு வந்த மூன்று பத்தியும் வண்ணத்தைப் பற்றியவை. படித்தேன், ஐயா. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்னொரு தடவை படிக்கிறேன். — பாட்டு டீச்சர்)

விசைப்பலகை எழுதியது:

ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்திய விசைப்பலகை வாத்தியம்) வாசிக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இரண்டாவது வகைத் தாளை டீச்சர் ‘அடைத்தது’ என்று சொல்லிவிட்டார். பாதிதான் சரி.

பரோக் தாளில் விசைப்பலகைக்காரருக்கு அடிக்குரல் (பாஸ்) வரியும் அதன் மேல் சில எண்களும்தான் இருக்கும். பாட்டு எஃப் மேஜரில் இருக்கிறது, அடிக்குரலில் ‘ஏ’ சுரம் நிற்கிறது, அதற்கு 6 என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த ‘ஏ’யையும் சேர்த்து எண்ணி, அதற்கு மேலே மூன்றாவது சுரமான ‘சி’யையும் ஆறாவது சுரமான ‘எஃப்’பையும் வலது கை சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஸ்தாயியில், எவ்வளவு நெருக்கமாக, ஒரே தட்டாகவா யாழ் மீட்டுவதுபோலவா என்பதெல்லாம் வாசிப்பவர் இஷ்டம். இன்று கடையில் வாங்கும் பியானோத் தாளில் அந்த வலது கை முழுக்கப் பதிப்பாசிரியர் எழுதியது; ஹேண்டல் எழுதவில்லை. வயலின், வியோலா வரிகளைச் சுருக்கியதும் அவரே. ஒரே பக்கத்தில் ஒரு பக்கம் சுருக்கம், ஒரு பக்கம் விரிவு.

பழைய ஏடு எழுதியது:

தொகைவிரி!

மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டே கிடைக்கவில்லையே என்று நேற்றிரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பி, நீர் வாழ்க. தொகுத்தும் விரித்தும் செய்தது தொகைவிரி. பியானோத் தொகைவிரி. இதைவிடப் பொருத்தமாக இத்தாலியனிலும் சொல் இருக்காது.

நோட்டுக்காரன் எழுதியது:

“பியானோத் தொகை விரிவாக” என்று அட்டையில் போட்டால் தவணை எவ்வளவு என்று கேட்டு ஃபோன் வரும் ஐயா.

கரையோரம் எழுதியது:

ஐயா சொல்வது அழகு. பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்காது. ‘பியானோச் சுருக்கம்’ போதும். அந்த எண்களுக்கு ‘எண்ணிட்ட அடிக்குரல்’.

பழைய ஏடு எழுதியது:

அடிக்குரல் என்றால் தொண்டைக்கு அடியிலிருந்து வரும் கரகரப்பு. மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்களுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. ‘எண்மெலிவு’.

விசைப்பலகை எழுதியது:

எண்மெலிவு என்றதும் எடை குறைந்த கணக்கு மாதிரி இருக்கிறது. ‘தாழிசை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அது கலிப்பாவில் ஓர் உறுப்பாயிற்றே, பாவினத்திலும் வருமே என்று நானே சொல்லிவிட்டேன், ஐயா வருவதற்கு முன்.

அரேஞ்ச்மென்ட்டுக்குத் திரும்பி வருகிறேன். தழுவல் கூடாது என்பதற்கு என் காரணம் வேறு. ‘தழுவல்’, ‘வழி’ என்றதுமே மூலம் முழுமையானது, இது அதன் நிழல் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ரினால்டோவிலேயே ‘வோ ஃபார் குவெர்ரா’ என்று ஆர்மிடா பாடும் ஆரியா ஒன்று இருக்கிறது. நடுநடுவே ஹேண்டல் ஹார்ப்சிகார்டில் அமர்ந்து தானே கற்பனையாக வாசிப்பார். அந்த இடங்களை அவர் எழுதி வைக்கவில்லை. வில்லியம் பேபல் என்பவர் ரினால்டோவின் ஆரியாக்களை ஹார்ப்சிகார்டுக்கு மாற்றி எழுதியதை 1717இல் லண்டனில் ஜான் வால்ஷ் வெளியிட்டார். அதில் இந்தப் பாட்டு பக்கம் பக்கமாக ஓடும். விரல் முறிந்துவிடும். ஹேண்டலின் வாசிப்பு எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சாயல் அதுதான் என்று கருதுகிறார்கள். முதல்நூலில் வெற்றிடம், வழிநூலில் சரக்கு! தொல்காப்பியர் இதற்கு என்ன சொல்வார்?

இந்த வால்ஷ்தான் 1711இலேயே ரினால்டோ பாடல்களை அச்சடித்து விற்றவர். அவர் பார்த்த லாபத்தைக் கேட்டு, “அடுத்த ஆப்பெராவை நீர் எழுதும், நான் விற்கிறேன்” என்று ஹேண்டல் சொன்னதாக ஒரு கதை உண்டு.

பழைய ஏடு எழுதியது:

உரை என்று சொல்வார். உரையாசிரியர் இல்லாவிட்டால் பல சூத்திரங்கள் வெற்றிடம்தான். ‘உரையிசை’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. வலியுறுத்தவில்லை.

கரையோரம் எழுதியது:

மூலத்தில் இல்லாததைச் சேர்த்தால் எல்லாமே உரையாகுமா? 19ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பதிப்பாசிரியர் பரிசோட்டியின் ‘ஆரியே அந்திக்கே’ (பழைய ஆரியாக்கள்) தொகுப்பு இருக்கிறதே, ரிக்கோர்டி வெளியிட்டது. அதிலிருந்து பாட்டுகளை எடுத்து நியூயார்க்கில் ஷிர்மர் போட்ட இருபத்துநான்கு பாட்டுப் புத்தகத்தில்தான் உலகமெங்கும் பிள்ளைகள் குரல் பழகுகிறார்கள். அதன் பியானோ வரிகளில் 19ஆம் நூற்றாண்டின் சர்க்கரை நன்றாகத் தூவியிருக்கும். போகட்டும். 18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பெர்கொலேசியின் பெயரில் பரிசோட்டி கொடுத்த ‘சே து மாமி’யைப் பரிசோட்டியே எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி அதைப் பெர்கொலேசி என்று நம்பி 1920இல் ‘புல்சினெல்லா’ பாலேயில் சேர்த்துவிட்டார். அது மாற்றமைப்பா, உரையா?

பழைய ஏடு எழுதியது:

வெள்ளிப்பாடல், அதாவது பிறர் எழுதி இடையில் செருகியது. கம்பராமாயணத்தில் இல்லையா? இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம்.

பாட்டு டீச்சர் எழுதியது:

‘வெள்ளிப்பாடல்’ அருமை ஐயா, அந்த அடிக்குறிப்பில் அப்படியே போட்டுவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை நாளைக்கு.

டா கபோ யாருமே தொடவில்லை. ஆரியா முதல் பகுதி பாடி, வேறு மனநிலையில் இரண்டாம் பகுதி பாடி, மறுபடி முதல் பகுதி. தாளில் இரண்டாம் பகுதியின் முடிவில் ‘டி.சி.’ என்று இரண்டே எழுத்து. பிள்ளைகள் அதைப் பார்க்காமல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கபோ என்றால் தலை. ‘தலையிலிருந்து’ என்று எழுதினால் ஷாம்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

நோட்டுக்காரன் எழுதியது:

பல்லவிக்குத் திரும்பு. அவ்வளவுதானே அக்கா?

பாட்டு டீச்சர் எழுதியது:

இல்லை தம்பி. சரணம் முடிந்து பல்லவியை ஒரு வரி எடுத்து நிறுத்திக்கொள்வோம். இங்கே முதல் பகுதி முழுக்கத் திரும்ப வரும், அதுவும் சங்கதிகளோடு, அதாவது மெட்டை மெருகேற்றும் அலங்காரங்களோடு. அந்தச் சங்கதி எதுவும் தாளில் இருக்காது. பாடுகிறவர் போட வேண்டும். அன்றைய பாடகர்களை அளந்ததே அந்த இரண்டாம் தடவையில்தான்.

பழைய ஏடு எழுதியது:

அப்படியானால் அது மடக்கு. வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தந்தால் மடக்கு என்பது தண்டியலங்காரம். இடையிடாமலும் வரும், இடையிட்டும் வரும். இரண்டாம் பகுதி இடையில் நிற்பதால் டா கபோ என்பது இடையிட்ட மடக்கு. முதல் தடவை “அழ விடு” என்பது கெஞ்சல். நடுவில், இந்தத் துயரமே என் தளைகளை உடைக்கட்டும் என்று பாடிவிட்டு வந்து, அதே “அழ விடு”வைச் சொல்லும்போது அது கெஞ்சலாகவா இருக்கும்?

விசைப்பலகை எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன், இப்படி யோசித்ததில்லை.

நோட்டுக்காரன் எழுதியது:

நானும்தான். ஆனால் தாளில் ‘இ.ம.’ என்று போட்டால் எந்த ஊர்ப் பாடகருக்குப் புரியும்? தாள் இத்தாலியனில்தான் இருக்கும். பிள்ளை பார்க்கப் போவது டி.சி.யைத்தான்.

பாட்டு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் கோப்பை அனுப்பிவிட்டேன். எண்ணிப் பார்த்ததில் ‘மாற்றமைப்பு’க்கு ஐந்து பேர் (தனிமடல் உட்பட), அரேஞ்ச்மென்ட்டுக்கு மூன்று, வழியிசைக்கு ஐயாவும் இன்னொருவரும். மாற்றமைப்பு என்று போட்டிருக்கிறேன். பியானோச் சுருக்கம், எண்ணிட்ட அடிக்குரல். டா கபோ அப்படியே; விளக்கத்தில் மடக்கைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். கையேட்டில் எனக்குப் பிடித்த பத்தி இப்போது அதுதான்.

பழைய ஏடு எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். பதிவுக்காக மட்டும்: மாற்றம் + அமைப்பு என்று பிரித்தால், பழந்தமிழில் மாற்றம் என்பது சொல். “மாற்றம் மனம்கழிய நின்ற மறையோனே” என்பது திருவாசகம். அப்போது உங்கள் கலைச்சொல்லுக்குப் பாட்டெழுதுதல் என்று பொருளாகிவிடும். புணர்ச்சியிலும் மாற்றமைப்பு என்று வராது. மாற்று + அமைப்பு என்றால், மாற்று என்பது பொன்னின் தரம். அதைக் கொண்டு ஓரளவு சமாதானம் செய்துகொள்கிறேன்.

வழியிசையைக் கைவிடவில்லை.

பாட்டு டீச்சர் எழுதியது:

அட்டைப் படி வந்தது, இணைத்திருக்கிறேன். நிறம் எப்படி?

பழைய ஏடு எழுதியது:

நிறம் நன்று. ‘பியானோ சுருக்கம்’ என்றிருக்கிறது. ‘ச்’ எங்கே?