இணையவழி வகுப்பும் பேச்சடங்கிய பிள்ளைகளும்: எங்கள் அனுபவங்கள்

பல்லடத்திலிருந்து ஒரு தாய்:

எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டு விசைத்தறிகள் விடியலில் தொடங்கி இரவு வரை ஓடும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது என் மகன் ஏழாம் வகுப்பின் கடைசியில் இருந்தான். எட்டாம் வகுப்பு முழுவதையும் கைப்பேசியிலேயே படித்தான். ஒருநாள் ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மைக்கைத் திறந்ததும், தறிச்சத்தம் வகுப்பு முழுவதும் கேட்டிருக்கிறது. பிள்ளைகள் சிரித்தார்கள், "முதலில் மைக்கை அணைத்து வை" என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். நாற்பது பேரை ஒரு சின்னத் திரையில் சமாளித்தவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அன்று அணைத்த மைக்கை அவன் பிறகு திறக்கவே இல்லை.

வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. வகுப்பு முடிந்ததும் பாவு, நூல், கூலிப் பேச்சு என்று அவன் அப்பா அதை வாங்கிக்கொள்வார். வாட்ஸ்அப்பில் வந்த பாடக்குறிப்புகளை எழுத, இரவு பத்து மணிக்கு மேல்தான் அது அவன் கைக்குத் திரும்பும். தூங்க ஒரு மணி, இரண்டு மணி ஆகும். காலையில் எழுப்பினால் எரிந்து விழுவான். திமிர் என்று நானும் திட்டியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. வருகைப் பதிவின்போது பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிறான் என்று வகுப்பாசிரியர் சொன்ன பிறகுதான், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பருவ வயதில் உடலுக்குத் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகும் என்றும், 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்றும், இவன் பாதியளவே தூங்கியிருக்கிறான் என்றும் விளக்கினார். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், பேச வேண்டிய வேலையைக் கொடுங்கள் என்றார். மாலையில் குடோனுக்கு வரச் சொன்னோம். அங்கே கத்தினால்தான் காதில் விழும். மூன்றாம் வாரம், "அப்பா, ஊடை தீந்துபோச்சுங்க!" என்று, குறுக்கு நூல் தீர்ந்ததைச் சொல்லி அவன் போட்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

பள்ளி திறந்தபின் என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதியச் சாப்பாட்டின்போதும் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அதைத் தாடைக்கு இறக்காமல், ஓரத்தைத் தூக்கித் தூக்கிச் சோற்றை உள்ளே தள்ளுவாள். நோய்ப்பயம் என்றே நினைத்திருந்தேன். தனியே கேட்டபோது, காணொளி வகுப்பில் மாதக்கணக்காகத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், பருக்களை எண்ணியே பாடத்தைக் கோட்டைவிட்டதாகவும் சொல்லி அழுதாள். நேர் வகுப்பில் எந்தப் பிள்ளையும் நாள் முழுவதும் கண்ணாடி பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. இப்போது இணையவழிச் சிறப்பு வகுப்பு எடுத்தால், தன் படம் தனக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியை முதலில் கற்றுக்கொடுக்கிறேன்.

மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் பெற்றோர் 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மீண்டும் பல்லடம்:

அந்த மாணவியைப் பற்றிப் படித்ததும் அழுதுவிட்டேன். என் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், நன்றாகவே பேசுகிறான். ஆனாலும் சொந்தக்காரர்களிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் இது இருக்கிறதா?