மெக்கென்சி கிங் டைரியை எங்கிருந்து படிக்கிறதுங்க?

கோபிக்காரன் கேட்டது:
வணக்கமுங்க. பதவியில இருக்கறப்ப தலைவர்கள் எழுதின அந்தரங்க டைரிகளைப் பத்தி இங்க வாசகர் கூட்டத்துல அரை மணி நேரம் பேசோணும். கனடாப் பிரதமர் மெக்கென்சி கிங்கோட டைரி அந்த நாட்டு ஆவணக் காப்பகத் தளத்துல இலவசமா கெடைக்குது. திறந்தா கடலாட்டம் கெடக்குது. எங்க தொடங்கறது? அதுல இருக்கறதை அப்படியே நடந்ததுன்னு சொல்லிரலாமுங்களா?

நொய்யல்கரை:
மலைக்கத்தானுங்க செய்யும். 1893-ல மாணவரா இருக்கறப்பத் தொடங்கி 1950 ஜூலையில சாகற வரைக்கும் எழுதினது, கிட்டத்தட்ட 30,000 பக்கம். முதல் பக்கத்துல தொடங்குனா பிரதமர் ஆகறதுக்கே 28 வருஷம் ஆயிரும். சொல்லைப் போட்டுத் தேடாதீங்க, தேதியைப் போட்டுத் திறங்க.

முதல்ல 1937 ஜூன் 29. பெர்லின்ல ஹிட்லரைப் பாத்த நாள். அவரை நல்ல மனுசன்னே எடை போட்டிருக்கார். பின்னால போர் வந்தப்பவும் அந்தப் பக்கம் அப்படியே இருக்குது. டைரிக்கு மதிப்பே அதுலதானுங்க. சுயசரிதையா இருந்தா அந்த வரி காணாமப் போயிருக்கும்.

இன்னொண்ணு, ஆரம்ப காலப் பக்கங்கள் கையெழுத்து. 1930-கள் நடுவுக்குப் பொறவு பெரும்பாலும் உதவியாளர்கிட்டச் சொல்லித் தட்டச்சு செஞ்சது. படிக்கச் சுலபம், ஆனா எதுக்கால ஒருத்தர் உக்காந்து கேட்டுட்டிருக்கறாருங்கறதை மறந்துராதீங்க.

மஞ்சமண்டி:
"அப்படியே சொல்லிரலாமா"ன்னு கேட்டீங்களே, கூடாதுங்க. டைரிங்கறது சிட்டை. பேரேட்டோட ஒத்துப் பாக்காமச் சிட்டையை மட்டும் வெச்சு யாரும் கணக்கு முடிக்கறதில்லை.

கிங் விசயத்துல சிக்கல் என்னன்னா, பல வருஷத்துக்குப் பேரேடே இல்லை. கனடா அமைச்சரவைக்கு 1944 வரைக்கும் முறையான கூட்டக் குறிப்பு எழுதற வழக்கமில்லை; போர்க் காலத்துல போர்க் குழுவுக்கு மட்டும் இருந்துச்சு. அதனால உள்ளே யார் என்ன பேசினாங்கங்கறதுக்குப் பல இடத்துல கிங் ஒருத்தர்தான் சாட்சி. வாதியும் அவரே. 1944 நவம்பர் 1-ஐ எடுத்துக்குங்க. பட்டாளத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்புத் தகராறுல பாதுகாப்பு அமைச்சர் ரால்ஸ்டனைப் பதவியில இருந்து தூக்குனார். எப்படி? ரெண்டு வருஷத்துக்கு முந்தி ரால்ஸ்டன் குடுத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைக் கூட்டத்துல நினைவுபடுத்தி, அதை இப்ப ஏத்துக்கறேன்னுட்டார்! அன்னிக்குப் பதிவை மட்டும் படிச்சா வேற வழியில்லாமச் செஞ்ச மாதிரி இருக்கும். அக்டோபர் கடைசி வாரத்துல இருந்து வரிசையாப் படிங்க, மனசு எப்பத் திரும்புச்சுன்னு தெரியும்.

அமெரிக்க அதிபரா இருந்த ரீகனுக்கு இந்தக் கஷ்டமில்லை. அவர் கைப்பட எழுதின டைரி தனி. யாரை எத்தனை மணிக்குப் பாத்தார்னு அலுவலர்கள் நிமிசக் கணக்கா எழுதினது தனி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.

சென்னிமலை:
தேதியில ஏமாந்துராதீங்க. ரீகன் சுடப்பட்டது 1981 மார்ச் 30. அந்தத் தேதியிலயும் பதிவு இருக்குது. ஆனா ஆஸ்பத்திரியில இருந்து ஏப்ரல் 11-ல வீடு திரும்புன பொறவு நினைவுல இருந்து எழுதினது அது. பக்கத்து மேல இருக்கற தேதி வேற, எழுதின தேதி வேற. குறிப்பெடுக்கறப்ப ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுக்குங்க.

அதே மாதிரி, இல்லாத பக்கத்தையும் குறிச்சுக்குங்க. கிங் டைரியில 1945 நவம்பர் 10-ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும் காணோம். ஒட்டாவா சோவியத் தூதரகத்துல இருந்து கூசென்கோங்கற ஊழியர் ஆவணங்களோட தப்பி வந்து, உளவு விவகாரம் ரகசியமா ஓடிட்டிருந்த சமயம் அது. யாரோ எடுத்துட்டாங்கன்னு கதை கட்டறவங்க உண்டு. "அந்தப் பகுதி கெடைக்கலை"ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

கோபிக்காரன்:
நன்றிங்க. கிங் ஆவிகளோட பேசினது, கடிகார முள்ளு ரெண்டும் ஒண்ணாச் சேர்ற நேரத்தைக் குறிச்சு வெச்சது இதெல்லாம் பேச்சுல சேக்கலாமுங்களா? கூட்டம் கலகலன்னு இருக்கும்.

மஞ்சமண்டி:
சேருங்க, ஆனா ரெண்டு நிமிசத்துக்கு மேல வேண்டாமுங்க. அதைச் சொல்றப்ப உயிலையும் சேத்துச் சொல்லுங்க: தான் குறிக்கற பகுதிகளைத் தவிர டைரியை அழிச்சிரோணும்னு எழுதி வெச்ச மனுசன், எதையும் குறிக்காமயே போயிட்டார். பொறுப்புல இருந்தவங்க அழிக்கலை. முள்ளுக் கணக்கு நம்ம கைக்கு வந்தது அதனாலதான்.