சூரை மீன் கடலெல்லாம் ஒரே கூட்டமா?

கரிமேட்டுக்காரன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் மதுரைக்குக் கேரளா லோடுதான் கைகொடுக்கும். "இது கொச்சிச் சூரை, ரகமே வேற, தூத்துக்குடிச் சூரை மாதிரி வராது" என்கிறார் கடைக்காரர். கடல் முழுக்கச் சுற்றுகிற மீனுக்கு ஊர் ஏது, ரகம் ஏது?

திருநகர் டீச்சர்: சுற்றுவது வேறு, முட்டையிடுவது வேறு அண்ணே. அட்லாண்டிக்கில் நீலத்துடுப்புச் சூரை இருக்கிறது. இரு கரை மீன்களும் பெருங்கடலைத் தாண்டிப் போய்க் கலந்துதான் மேயும். ஆனால் முட்டையிட ஒரு கூட்டம் (கூட்டம் என்றால் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கும் மீன்கள்) மெக்சிகோ வளைகுடாவுக்கும் இன்னொன்று மத்தியதரைக் கடலுக்கும் திரும்பிவிடும். டிஎன்ஏ-வில் வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் உண்டு.

கரிமேட்டுக்காரன்: அங்கே 45 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையில் கோடு போட்டு, பிடிக்கிற மீனை இரண்டாகக் கணக்கு வைத்திருக்கிறார்களே, மீன் அந்தக் கோட்டை மதிக்கிறதா? மத்தியதரையில் பிறந்தது மேற்கே பிடிபட்டால் மேற்குக் கணக்கில் ஏறும். நம் பக்கம் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் மஞ்சள் துடுப்புச் சூரையை ஒரே கூட்டமாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

திருநகர் டீச்சர்: அதனால்தான் மீனின் காதுக்குள் இருக்கிற சின்னக் கல்லின் வேதியியலையும் டிஎன்ஏ-வையும் பார்த்து எந்த மீன் எங்கே பிறந்தது என்று பிரிக்கிறார்கள். இந்தியக் கடலில் மஞ்சள் துடுப்புச் சூரை மூன்று கூட்டம் என்று 2013-லேயே ஓர் ஆய்வு சொன்னது.

கரிமேட்டுக்காரன்: அது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, டீச்சர். தாய்வழி மட்டும். அதை வைத்துக் கடலைப் பங்கு போட முடியுமா? தலைமுறைக்கு நாலைந்து மீன் மாறிப் போய் இனம் பெருக்கினாலே போதும், வித்தியாசம் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பது பழைய பாடம்.

திருநகர் டீச்சர்: அந்தப் பாடம் என் பக்கம்தான் பேசுகிறது! நாலைந்து மீனே வித்தியாசத்தை அழித்துவிடும் என்றால், டிஎன்ஏ ஒன்றுபோல் இருப்பது இரு கூட்டமும் தாராளமாகக் கலக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒரு பக்கத்து மீனை வழித்து எடுத்துவிட்டால் அந்த நாலைந்து மீனா வந்து நிரப்பும்? இன்னொன்று, சூரை கோடிக்கணக்கில் இருக்கிற மீன். அவ்வளவு பெரிய கூட்டம் பிரிந்தாலும் டிஎன்ஏ-வில் அது தெரிய ரொம்பக் காலம் பிடிக்கும்.

வைகைத் தூண்டில்: ருசி வித்தியாசம் ஐஸ் விஷயம், மக்களே. சூரையைப் பிடித்ததும் ஐஸில் போடாவிட்டால் ஹிஸ்டமின் ஏறி அரிப்பும் தலைவலியும் வரும். கடைக்காரரிடம் ஜீனைக் கேட்காதீர்கள், எத்தனை நாள் ஆச்சு என்று கேளுங்கள்.

கரிமேட்டுக்காரன்: அதை ஒத்துக்கொள்கிறேன். டீச்சர், அரபிக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் நடுவில் சுவரா இருக்கிறது? கோட்டை எங்கே போடுவீர்கள்?

திருநகர் டீச்சர்: இப்போதே போடச் சொல்லவில்லை. துறைமுகத்தில் இறங்கும் மீன் மேயப் போன இடத்தில் சிக்கியதாக இருக்கலாம். முட்டையிடும் இடத்திலேயே சினை மீனையும் குஞ்சையும் பிடித்து, மரபணுத்தொகுதி முழுவதையும் ஒப்பிட வேண்டும். அதுவரை ஒரே கூட்டம் என்று நம்பி ஒரு பக்கம் மட்டும் அள்ளுவதுதான் ஆபத்து.

கரிமேட்டுக்காரன்: கோடு போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் "என் மீன்" என்று அள்ளினால் அது ஆபத்தில்லையா? என் ஓட்டு ஒரே கணக்குக்குத்தான்.